தொண்ணூற்றாறு சதவீதம்

ஆய்வுக்கூடத்தில் அக்காவுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். பத்து லட்சம் மூலக்கூறுகளைக் கணினியில் சலித்து, மருந்தாகக்கூடிய நாற்பதைப் பொறுக்கித் தருவது அவள் வேலை. அதற்காக இரண்டு வருடமாக ஒரு நிரலைப் பழக்கியிருந்தாள். சோதித்ததில் தொண்ணூற்றாறு சதவீதம் சரி. அன்று மதியத்துக்குள் பட்டியல் போக வேண்டும். வேதியியல் பிரிவினர் ஆறு மாதம் பாடுபட்டு நாற்பதையும் குடுவையில் உண்டாக்குவார்கள். பட்டியல் போனால் அக்காவுக்கு வேலை நிரந்தரம்.

ஊர் சுற்றித் திரும்பிய நான் மூன்று வாரமாக அவள் அறையில்தான் தங்கியிருந்தேன், பெட்டியைப் பிரிக்காமல். அன்று அறையிலிருந்தே வேலை பார்த்த அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஒற்றைச் செருப்போடு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"என்னக்கா, கால்ல சக்கரமா? அது என் வியாதியாச்சே."

"தொண்ணூத்தாறு ரொம்ப அதிகம்டி. நான் எதுலயும் அவ்வளவு வாங்கினதே இல்ல."

திரையை எட்டிப் பார்த்தேன். இரண்டு மூலக்கூறுப் படங்கள் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன. ஒன்றின் ஓரத்தில் மட்டும் ஏதோ ஒட்டியிருந்தது.

"அது உப்பு. மருந்து கரையறதுக்காகச் சேக்கறது. உள்ள போனதும் பிரிஞ்சிடும்."

"அப்ப ஒரே ஆளு, சட்டைதான் வேற."

அக்கா நின்றுவிட்டாள்.

"சட்டையைக் கழட்டிட்டுத் தலையை எண்ணணும். நான் எண்ணிட்டுக் கழட்டியிருக்கேன்! நிரலைப் பழக்கின கூட்டத்துலயும் சோதிச்ச கூட்டத்துலயும் ஒரே ஆளு உக்காந்திருக்கான். சொல்லிக் குடுத்த கணக்கையே பரீட்சையிலயும் கேட்டிருக்கேன்டி."

திருத்தி ஓட்டினாள். எழுபத்தொன்று.

தொலைபேசி அடித்தது. அக்கா எடுத்தாள். வேதியியல் பிரிவுத் தலைவரின் குரல் எனக்கும் கேட்டது. "என்னம்மா சல்லடை, குடுவையெல்லாம் கழுவி வெச்சாச்சு!"

"அனுப்பித் தொலைக்கா," என்று கிசுகிசுத்தேன். "ஆறு மாசம் கழிச்சு யாரு எங்க இருப்பாங்களோ."

"நீ எங்கயாவது இருப்ப. நான் இங்கதான இருக்கணும்," என்றவள், கருவியை மறுபடி காதில் வைத்தாள். "சார், சல்லடையில ஓட்டை."

"ஓட்டை இல்லாம சல்லடை ஏதும்மா?"

"இது பெரிசு சார். எழுபத்தொண்ணுதான் வருது."

மறுமுனையில் குடுவைகளை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது.

"சரி, புதுப் பட்டியல் குடு. நிரந்தரம் பத்தி இப்ப எதுவும் கேக்காத."

"நாளைக்குத் தரேன் சார்."

பழைய நாற்பதில் பதினொன்றுதான் தேறின. அக்கா காலையிலிருந்து முதல்முறையாக உட்கார்ந்து, மிச்சத்தைச் சலிக்கத் தொடங்கினாள். இனி குடுவையில் முடிவு தெரியும்வரை, ஆறு மாதம், அவள் வேலை அந்தரத்தில். இப்போது குறுக்கும் நெடுக்கும் நடந்தது நான்தான்.

"நடக்காதடி," என்றாள் திரும்பாமலே. "தலை சுத்துது."