டிரேவர் பேசிய பதினொரு நிமிடம்

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் பெங்களூரு பிரேசர் டவுன் பக்கம் வந்து விசாரிக்கலாம். அன்று அரங்கில் இருநூறு பேர் இருந்தார்கள்.

அன்று டிரேவருக்குப் பாராட்டு விழா. தான் படித்த கல்லூரியின் நூறு வருட வரலாற்றை எழுதினாராம். உண்மையில் அதை எழுதியவர் அவருடைய வகுப்புத் தோழர் சின்னப்பா. படிப்பு முடிந்ததும் அதே கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து முப்பத்தெட்டு வருடம் உழைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் வந்து உட்கார்ந்து, ஏழு நோட்டுகளில் கையால் எழுதினார். அச்சிடச் சொல்லி, பழைய மாணவர் சங்கத் தலைவரான டிரேவரிடம் கொடுத்தார். புத்தகம் டிரேவர் பெயரில் வந்தது.

“என் பேரு எங்கப்பா?” என்று கேட்டார் சின்னப்பா.

“யாரு எழுதுனா என்ன மச்சி? காலேஜ் பேரு வருதுல்ல?”

அடுத்த மாதமே சின்னப்பா போய்ச் சேர்ந்தார். செய்த துரோகத்துக்குச் சால்வை வேறு. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மாலை 4.40. டிரேவரின் தலையில் மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகையை வைத்தார்கள். வைத்தவர் நகர்ந்த பிறகும் யாரோ அதை அழுத்துவது போலிருந்தது.

திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

4.42. மைக்கைப் பிடித்தார். மனப்பாடம் செய்துவைத்திருந்த நன்றியுரை. தடுமாறாமல் சொன்னார்.

நடுவில் ஒரு ஜோக். யாரும் சிரிக்கவில்லை...

முதல் வரிசையில் பிரின்சிபால் எழுந்து நின்றார்.

கடைசி வரிசையில் சின்னப்பாவின் மனைவி சோஃபியா அழுதுகொண்டிருந்தார்.

டிரேவரின் தொண்டைக்குள் ஏதோ நகர்ந்தது...

4.53. பேசி முடித்தார்.

ஒரு கைதட்டல்கூட இல்லை.

மேடையை விட்டு இறங்கினார். சோஃபியா எதிரே வந்து நின்றார்.

“அவர் குரல். அப்படியே அவர் குரல்.”

“என்னங்க சொல்றீங்க? நான் தேங்க்ஸ்தானே சொன்னேன்?”

சோஃபியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

மறுநாள் காலை 7.10. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்தது. திரை முழுக்க டிரேவரின் முகம். கேட்டதோ சின்னப்பாவின் கரகரத்த குரல்.

“எழுதுனது நான். இவன் திருடுனான். என்னைப் பொதச்ச மறுநாள் என் நோட்டு ஏழையும் மொட்டை மாடியில வெச்சு எரிச்சான்.”

எரித்தது டிரேவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அவர் வீடியோவை மறுபடியும் ஓட்டினார். இந்த முறை தன் வாயை மட்டும் பார்த்தார்.

பதினொரு நிமிடமும் அவருடைய உதடுகள் மூடியே இருந்தன.