மெதுவாகப் பேசியதால் வந்த வேன்

போன வருஷம் கார்த்திகை மாதம், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. மார்த்தாண்டத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஆண்கள் வார்டில் மட்டும் பதினெட்டு வருஷம். என் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடியில் நான் ஒருவரை அதட்டினால், கீழே மருந்துக் கடையில் நிற்பவரும் தன் மாத்திரையைப் போட்டுக்கொள்வார் என்று கேலி பேசுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. மகளின் மேற்படிப்பு அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. அதற்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். வாசிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றும் தேறிவிட்டேன். பேச்சில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டேன். பேச்சுத் தேர்வில் எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார், நாம் நர்ஸாக நடிக்க வேண்டும். பதினெட்டு வருஷம் நிஜமாகவே நர்ஸாக இருந்துவிட்டு, நர்ஸாக நடிக்கத் தெரியாமல் தோற்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "இன்னும் ஒருக்கா எழுது. அதோட நிறுத்திக்கிடலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அந்தக் கடைசித் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது.

ஆன்லைனில் ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அவரும் ஓய்வுபெற்ற நர்ஸ்தான். நான் பேசுவதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்கள் செய்வதெல்லாம் சரி. ஆனால் எதற்காகச் செய்கிறீர்கள் என்று நோயாளியிடம் சொல்வதே இல்லை. அவர் எதற்காக மறுக்கிறார் என்று கேட்பதும் இல்லை." எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தெர்மாமீட்டர் வைப்பதற்கும் ஒரு விளக்கமா?

ஆனால் அந்த அம்மா அப்படித்தான் வாழ்ந்தார். எதற்கெடுத்தாலும் ஒரு காரணம். "வெயில் முகத்தில் அடிக்கிறது, அதனால் திரையை இழுத்துவிடுகிறேன்." "நாயை வெளியே கூட்டிப் போக வேண்டும், அதனால் ஐந்து நிமிஷம் முன்னால் முடிக்கலாமா?" நாய்க்காக வகுப்பை முடிப்பதை வாய்விட்டுச் சொல்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். நம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை என்றால் காய்ச்சல், அதுவும் போதாதென்றால் யாராவது சாக வேண்டும். களைப்பாக இருந்தது, அதனால் வரவில்லை என்று சொன்னால் அந்த வீட்டு உறவு அத்தோடு முடிந்தது. இவர்களோ குண்டூசி அளவு காரணத்தையும் கூச்சமில்லாமல் எடுத்து நீட்டுகிறார்கள். கேட்பவரும் "ஓ, சரி" என்று வாங்கி வைத்துக்கொள்கிறார்.

ஒரு நாள் வீட்டுப்பாடம் செய்யாமல் போய் உட்கார்ந்தேன். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டார். "சாரி மேடம்" என்றேன். "பரவாயில்லை. ஏன் என்றுதான் கேட்டேன்" என்றார். "வெரி சாரி மேடம்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மூன்றாவது தடவை கேட்டார். "என் தப்புதான்" என்று தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையில் முந்தின நாள் முழுக்க மழையில் கரண்ட் இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேலே இருப்பவர் "ஏன்?" என்று கேட்கும்போது பதில் சொன்னால் நம்மிடையே அது எதிர்த்துப் பேசுவது. பள்ளிக்கூடத்தில் அடி விழுவதற்கு முன்னால் வருகிற சத்தம்தான் எனக்கு "ஏன்". இதை அவருக்கு விளக்குவதற்குள் நாய்க்கு நேரமாகிவிட்டது.

பயிற்சியை வீட்டில் ஆரம்பித்தேன். "இப்போ உங்களுக்கு ரெண்டு தோசை வைக்கப் போறேன், ஏன்னா மதியம் சாப்பிட நேரமாகும்" என்றேன். வீட்டுக்காரர் தோசையைத் தொடவில்லை. "ஏட்டி, என்ன வேணும்? நேரா கேளு" என்றார்.

மறுநாள் வார்டில் ஆரம்பித்தேன். அருமனைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், சாதாரண வைரஸ் காய்ச்சல். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலை இறக்கி, "இப்போ உங்களுக்கு ஒரு ஊசி போடப் போறேன், ஏன்னா காய்ச்சல் சீக்கிரம் குறையும். கொஞ்சம் வலிக்கும். பயமா இருந்தா சொல்லுங்க" என்றேன். அவர் என்னையே பார்த்தார். நேற்றுவரை "திரும்பிப் படும்" என்று மட்டும் சொல்லி ஊசி போட்டவள் நான். திரும்பிப் படுத்தார்; ஊசி போட்டு முடித்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். நமக்குப் பேச வருகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மத்தியானம் ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கியது. ஒரு பெரிய மட்டி வாழைப்பழக் குலை, முறுக்கு டப்பா, கண்ணைத் துடைத்தபடி நாலு பெண்கள். அந்தக் காய்ச்சல்காரரின் மனைவி டாக்டரைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒண்ணுமில்லன்னு மறைக்காதீங்க டாக்டரே. அந்த சத்தம் போடுற சிஸ்டரு இண்ணைக்கு பக்கத்துல இருந்து தங்கமா பேசியிருக்கு. கைவிட்டாச்சுன்னு எங்களுக்கு மனசிலாச்சு."

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "என்ன சொன்னிய?"

"காரணம் சொன்னேன் சார்."

"இனி சொல்லாண்டாம்."

வந்த கூட்டம் சாயங்காலம் பழத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனது. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இந்தக் காரணம் சொல்லும் வித்தை எனக்கு வரப்போவதில்லை என்று முடிவுகட்டி, பழைய குரலுக்கே போய்விட்டேன். வார்டும் நிம்மதி அடைந்தது.

அப்போதுதான் மூலைக் கட்டில்காரர் விஷயம் வந்தது. வாழை விவசாயி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். இதயம் பலவீனமாகி, கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கி வந்தவர். முதலில் ஊசி போட்டு நீரை இறக்கினோம். வீக்கம் நன்றாக வடிந்தது. சிறுநீர் போக வைத்திருந்த டியூபை எடுத்துவிட்டு, நீர் பிரியும் மாத்திரைக்கு மாற்றினார் டாக்டர். மாற்றிய இரண்டாம் நாள் வீக்கம் மறுபடி ஏறியது. டாக்டருக்கே குழப்பம். நாளைக்கும் இப்படியே இருந்தால் திருவனந்தபுரம் அனுப்பிவிடலாம் என்றார்.

மறுநாள் காலையில் விரிப்பு மாற்றும்போது தலையணை உறைக்குள்ளிருந்து நாலு மாத்திரை உருண்டு விழுந்தன. என் குரல் கீழே மருந்துக் கடை வரைக்கும் போயிருக்கும். "ஏன் மாத்திரை சாப்பிடல?"

"தப்புதான் சிஸ்டரே. இனி சாப்பிடுதேன்" என்று தலையைக் குனிந்தார்.

அவர் குனிந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. மூக்குக்கண்ணாடி அம்மா முன்னால் நானும் இப்படித்தானே குனிந்தேன்? கரண்ட் இல்லாத சங்கதியை வாயைத் திறந்து சொன்னேனா? இவருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. இப்போது விட்டால் அடுத்த மாத்திரையும் தலையணைக்குள்தான் போகும்.

டாக்டர் வேண்டாம் என்று சொன்னதை மறந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். "நான் கோவத்துல கேக்கல. நிசமாவே தெரிஞ்சுக்கிடத்தான் கேக்கேன். காரணம் என்ன?" என்றேன், மெதுவாக.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "சிஸ்டரே, எனக்கு எத்தன நாளு இருக்கு?"

"ஒம்ம கொண்டுபோக இங்க யாரும் வரல. காரணத்த சொல்லும்" என்று என் பழைய குரலில் ஒரு அதட்டுப் போட்டேன். அதில்தான் அவருக்குத் தைரியமே வந்தது. ஆனாலும் பேசவில்லை. எனக்குப் பதினொரு கட்டில் பாக்கி. கால் எழுந்திருக்கச் சொல்கிறது. நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காருவது இவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் கண்ணால் வாசல் பக்கம் காட்டினார். அங்கே அவருக்குத் துணையாக வந்த பைஸ்டாண்டர் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்க மச்சினனாக்கும். வீட்டுக்காரிக்கு முட்டுவலி, அதனால அவன விட்டுட்டுப் போயிட்டா. நானும் அவனும் பேசி பத்து வருஷமாச்சு. அவனுக்க மவ கல்யாணத்துக்கு எனக்கு போன்லதான் சொன்னான், நேர்ல வந்து கூப்பிடல. அந்த மாத்திர போட்டா அரை மணிக்கூறுக்கு ஒருக்க ஒண்ணுக்குப் போணும். தலசுத்துக்கு தனியா நடக்கப்பிடாதுன்னு நீங்கதான சொன்னிய? அவனுட்ட போயி, என்னக் கூட்டிட்டுப் போன்னு நான் எப்பிடிச் சொல்ல?"

"கட்டில்லயே குப்பி வைக்கலாமே?"

"அத எடுத்துக் களையப் போறதும் அவன்தாம்லா?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. போனில் கூப்பிட்ட ஒரு கல்யாணத்துக்காக இந்த மனுஷன் திருவனந்தபுரம் வரைக்கும், ஒருவேளை அதையும் தாண்டிப் போகத் தயாராக இருந்திருக்கிறார்.

மச்சினரை வராந்தாவில் ஓரமாக நிறுத்தி, காரணத்தோடு சொன்னேன். மாத்திரை எதற்கு, நீர் பிரியாவிட்டால் என்ன ஆகும், அவருக்கு ஏன் கூச்சம், எல்லாம். "அந்தக் கல்யாணத்தப்போ எனக்கு காலு ஒடிஞ்சு கட்டு போட்டு கெடந்தேன். அதனாலயாக்கும் போன்ல சொன்னது. யாரும் ஏன்னு கேக்கலையே" என்றார்.

"நீராவது அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"வராண்டாம்னு முடிவு பண்ணுனவருட்ட போயி காரணம் சொன்னா சமாளிக்கான்னுதான நெனைப்பாரு?"

இப்படிக் கேட்டுக்கொண்டே மச்சினர் உள்ளே வந்து கட்டில் அருகில் நின்றார். கால் ஒடிந்த கதையை நானே மூலைக் கட்டில்காரரிடம் சொன்னேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்னிடம் பேசினார்கள். "அவருட்ட மாத்திரைய முழுங்கச் சொல்லுங்க." "அவனுட்ட, பின்ன அங்க இங்க போயி நிக்காண்டாம்னு சொல்லுங்க." இருவருக்கும் நடுவில் நான் பந்து போலப் போய் வந்தேன். என் கண்முன்னே மாத்திரை உள்ளே போனது. அரை மணி நேரம் கழித்து நீர் முட்டியதும் என்னைக் கூப்பிட நேரமில்லை. "ஏலே, செருப்பு எங்க?" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. "இந்தா இருக்கு அத்தான், பைய எழும்புங்க" என்று பதில் வந்தது. பத்து வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. வீட்டுக்குப் போகும்போது மச்சினர் கையைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினார்.

தேர்வில் எனக்கு வந்தது, வாக்கர் வைத்து நடக்க மறுக்கும் பாட்டி. நடித்தவர் ஒரு இளம்பெண். "ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டேன் போல. "நீங்கள் நலம்தானே?" என்று அந்தப் பெண்ணே என்னைக் கேட்டாள். அப்புறம்தான் தன் காரணத்தைச் சொன்னாள். பக்கத்து வீட்டார் பார்த்துச் சிரிப்பார்களாம். அங்கேயும் அப்படித்தானா என்று எனக்கு மனசு லேசாகிவிட்டது. தேறிவிட்டேன். விசா வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன.

வீட்டில் எல்லோரும் கொண்டாடினார்கள், நானும் சிரித்தேன். ஆனால் இந்தப் பதினெட்டு வருஷத்தில் "ஏன்?" என்று நான் கத்திக் கேட்டதும் "தப்புதான் சிஸ்டரே" என்று தலையைக் குனிந்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன, அவர்களில் எத்தனை பேர் சொல்ல வாயெடுத்த நேரத்தில் நான் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன் என்று நினைத்தால், இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.