கரடி தலையாட்டினா ஓம் எண்டில்லை

கார்ட்டூன் கரடி ஒண்டு உங்களைப் பாத்துத் தலையை ஆட்டினா, அது ஓம் எண்டுதோ இல்லை எண்டுதோ, எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?

சும்மா கேக்கேல்லை. நான் பிழையாக் கண்டுபிடிச்சனான். எழுத்துப் பிழை கிடந்தா மன்னியுங்கோ, மன்னிக்காட்டியும் எனக்கு ஒண்டுமில்லை, கெதியாத் தட்டிக்கொண்டிருக்கிறன்.

கம்பஸ் முடிச்சு வேலை இல்லாமல் வீட்டிலை குந்தியிருந்த நேரம். தொண்டைமானாறுப் பக்கம், கடல்நீரேரியைப் பாத்தபடி புதுசா ஒரு பார்க் திறந்தாங்கள். ராட்டினம், தண்ணிச் சறுக்கு, ஐஸ்கிறீம் கடை எல்லாம் கிடக்கு. நிழல்தான் இல்லை. வெளிநாட்டிலை கனகாலம் இருந்திட்டு வந்த ஒருத்தர்தான் முதலாளி. அங்கத்தைப் பார்க்குகளிலை கார்ட்டூன் மிருகங்கள் நடந்து திரியுமாம், பிள்ளையள் கட்டிப்பிடிச்சுப் படம் எடுக்குங்களாம், இஞ்சையும் அது வேணும் எண்டு ஆள் ஒரே பிடியாய் நிண்டது. அப்பிடி வந்து இறங்கினதுதான் ரெண்டு உடுப்பு. ஒண்டு எலி, ஒண்டு கரடி. எங்கையோ மூடின பார்க் ஒண்டின்ரையாம். பெட்டியைத் திறக்கேக்கை பூஞ்சண மணமும் வேறை ஆரோ ஒருத்தரின்ரை வேர்வை மணமும் ஒண்டா வந்தது.

நான் எலி. கம்பஸிலை என்ரை பச், என்னோடை ஒண்டாப் படிச்ச பெடியன் ஒருத்தன், கரடி. ரெண்டு பேரும் பட்டதாரியள் எண்டதை நினைச்சு நீங்கள் சிரிக்கலாம், நாங்களும் சிரிச்சனாங்கள்.

எங்கடை பக்கம் எந்த முன்பள்ளிச் சுவரைப் பாத்தாலும் ஒரு எலியும் ஒரு தாறா வாத்தும் நிக்கும், கண்டிருப்பியள். கடைக்கு போர்ட் எழுதுற ஆள்தான் அதையும் கீறியிருப்பார். நான் படிச்ச முன்பள்ளியிலை எலிக்கு மனுசப் பல்லு. வரிசையா, வெள்ளையா, முப்பத்திரண்டும் கிடந்திருக்கும். நாலு வயசிலை அதைப் பாத்து நிண்ட இடத்திலையே மூத்திரம் போனனான். இருபது வருசத்துக்குப் பிறகு அந்தப் பல்லுக்குப் பின்னாலை நானே நிக்கிறன், பிள்ளையள் என்னைப் பாத்து அழுதுகள். நல்ல பகிடி.

வீட்டிலை அம்மாவுக்கு நான் ரிக்கெட் கவுண்டரிலை வேலை எண்டு சொல்லி வைச்சிருந்தனான். படிச்ச பொம்பிளைப் பிள்ளை எலி வேசம் போட்டுச் சனத்துக்கு நடுவிலை ஆடுறாள் எண்டு தெரிஞ்சா மனுசி சாப்பாடு தண்ணி இல்லாமல் படுத்திடும். ஆனா உண்மையைச் சொல்லுறன், எனக்கு அது பிடிச்சிருந்தது. தலையைப் போட்டிட்டா நான் ஆர் எண்டு ஒரு குருவிக்கும் தெரியாது. என்ரை சின்னம்மா ஒருநாள் வந்து எனக்குப் பக்கத்திலை நிண்டு படம் எடுத்தவா. நான் அவவின்ரை தோளிலை கையைப் போட்டனான். அவ என்ரை கையைத் தட்டிவிட்டிட்டு, "உந்த எலி சரியான சேட்டை" எண்டவா.

கரடி உடுப்புத்தான் பிரச்சினை. முதல் நாளே தலைக்குள்ளை பாத்தனாங்கள். கரடியின்ரை வாயிலை ஒரு கறுப்பு வலை, அதுக்குள்ளாலைதான் வெளியிலை பாக்கிறது, மூச்சு எடுக்கிறதும் அதாலைதான். அந்த வலையைச் சுத்தி உள்ளுக்கை இருந்த பஞ்சு பிஞ்சு போய்க் கிடந்தது. கிட்டவாப் பிடிச்சுப் பாத்தா, பல்லுத் தடம். ஆரோ உள்ளுக்கை இருந்து கடிச்சிருக்கினம்.

"முந்தின கரடிக்குப் பசிச்சிருக்கு" எண்டான் இவன்.

நான் விழுந்து விழுந்து சிரிச்சனான்.

ரெண்டாம் கிழமை ஆடேக்கை கரடியின்ரை தலை கழண்டு விழுந்திட்டுது. முன்னுக்கு நிண்ட சின்னப்பிள்ளை ஒண்டு, கரடியின்ரை கழுத்திலை மனுசத் தலை முளைச்சிருக்கிறதைக் கண்டு கத்தின கத்து இப்பவும் காதுக்கை கிடக்கு. தகப்பன்காரன் போய் முதலாளியைப் பேசினார். அடுத்த நாள் வந்து பாத்தா கரடித் தலைக்குப் பின்னாலை ரெண்டு கிளிப் வைச்சுத் தைச்சுக் கிடக்கு. ஹெல்மெட் வாருக்குப் போடுற மாதிரிக் கிளிப். பிடரியிலை, வெளிப்பக்கமா. கரடிக் கை எண்டது நாலு விரல் உள்ள தலையணை, அதாலை ஒரு பொத்தானைக்கூட அமத்தேலாது. விளங்குதோ? வேறை ஒராள் வந்து திறந்தாத்தான் கரடிக்குள்ளையிருந்து வெளியிலை வரலாம்.

முதலாளி அதுக்கும் ஒரு வழி வைச்சிருந்தார். உடுப்பு மாத்திற அறையிலை ஒரு பேப்பர் ஒட்டினார், அங்கத்தைப் பார்க் ஒண்டின்ரை சட்டத்தைத் தமிழிலை போட்டதாம். உள்ளுக்கை இருந்து கதைக்கக் கூடாது. தலையை மேலையும் கீழையும் ஆட்டினா "நான் நல்லாயிருக்கிறன்". இடமும் வலமும் ஆட்டினா "என்னை உள்ளுக்கை கொண்டுபோ".

வெளிநாட்டிலை அது சரி. எங்கடை சனத்துக்கு? நாங்கள் ஓம் எண்டாலும் தலையை ரெண்டு பக்கமும் ஆட்டுவம். சரி சரி எண்டாலும் ஆட்டுவம். பாப்பம் எண்டாலும், சாப்பாடு நல்லாயிருக்கு எண்டாலும், நீ சொல்லு நான் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டாலும் அதே ஆட்டுத்தான். மனுசத் தலையிலை சின்னச் சின்ன வித்தியாசம் தெரியும், கண்ணைப் பாத்துப் பிடிக்கலாம். கரடிக்குக் கண் பிளாஸ்ரிக். தலை வாளி மாதிரி. அது ஆடினா ஆடுது, அவ்வளவுதான்.

பேப்பரைப் பாத்திட்டு இவன் வேணுமெண்டு என்னைப் பாத்துத் தலையை ரெண்டு பக்கமும் ஆட்டினான்.

"ஓமோ இல்லையோடா?" எண்டன்.

"எலிக்கு உதெல்லாம் விளங்காது" எண்டான்.

பிறகு அது எங்களுக்குள்ளை ஒரு பகிடியாப் போச்சு. ஒவ்வொரு நாளும் நான் கிட்டப் போய் "இன்னும் நிக்க ஏலுமோ?" எண்டு கேப்பன், அவன் ரெண்டு பக்கமும் ஆட்டுவான், நான் முதுகிலை ஒரு அடி போடுவன், ரெண்டு பேரும் ஆடுவம்.

ஆவணி மாசம். திருவிழாக் காலம். வெளிநாட்டுக்குப் போன எங்கடை சனம் முழுக்க ஊரிலை. வெயில் எண்டா வெயில், நிலத்திலை சப்பாத்து ஒட்டுது. இருபது நிமிசம் வெளியிலை நிண்டா உள்ளுக்கை வந்து இளைப்பாற வேணும், அதுதான் ஒழுங்கு. எங்களைக் கூட்டிக்கொண்டு திரியிற அண்ணை ஒராள் இருந்தவர், நேரம் பாக்கிறதும் அவர்தான், பிள்ளையள் எங்கடை வாலை இழுக்காமல் பாக்கிறதும் அவர்தான். அண்டைக்கு ரெண்டு பஸ் நிறையச் சனம். படம் எடுக்க வரிசை வாசல் மட்டும் நிக்குது. அண்ணை என்னை மட்டும் தண்ணி குடிக்க உள்ளுக்கை விட்டார். கரடிக்குத்தான் வரிசை, கரடியை விடேலாதாம். "இன்னும் பத்து நிமிசம்தான்" எண்டார்.

நான் ஒரு போத்தல் தண்ணி குடிச்சு, மின்விசிறிக்கு முன்னாலை இருந்து, ஃபோனும் பாத்திட்டுத்தான் திரும்பி வந்தனான். கரடி அதே இடத்திலை நிக்குது. கையைத் தூக்கி ஆட்டுது. முன்னாலை நிண்ட பிள்ளையள் எல்லாம் திருப்பி டாட்டா காட்டுதுகள். அது இன்னும் வேகமா ஆட்டுது, அதுகளும் வேகமா ஆட்டுதுகள். ஸ்பீக்கரிலை பாட்டுப் போகுது. நான் கிட்டப் போய், என்ரை எலி மூக்கை அதின்ரை காதிலை முட்டிக்கொண்டு கேட்டன்.

"ஏலுமோடா?"

தலை ரெண்டு பக்கமும் ஆடிச்சுது.

உள்ளுக்கை ஏதோ சத்தமும் கேட்டது. பாட்டோடை சேந்து பாடுறான் எண்டு நினைச்சன். முதுகிலை ஒண்டு போட்டன். கையைப் பிடிச்சு இழுத்து ஆடினன். அவனும் ஆடினான். இப்ப யோசிச்சா, அவன் ஆடேல்லை, நான்தான் ஒரு உடம்பை இழுத்து ஆட்டியிருக்கிறன்.

பேந்து கரடி இருந்திட்டுது. நிலத்திலை, காலை நீட்டிக்கொண்டு, சரியா பொம்மைக் கரடி கடையிலை இருக்கிற மாதிரி. சனம் கை தட்டினது. ஒரு தாய் தன்ரை பிள்ளையைத் தூக்கி அதின்ரை மடியிலை வைச்சா. இன்னொரு பிள்ளை மற்றத் தொடையிலை ஏறினது. எல்லாரும் ஃபோனைத் தூக்கினாங்கள். நானும் பக்கத்திலை குந்தி ரெண்டு பெருவிரலையும் காட்டினன், அதுதான் எலி எப்பவும் செய்யிறது. அந்தப் படம் இருக்கு. நான் பாத்திருக்கிறன். கரடியின்ரை தலை நெஞ்சிலை விழுந்து கிடக்கு.

"அம்மா, கரடி நித்திரை" எண்டது மடியிலை இருந்த பிள்ளை.

"எழும்பும் எழும்பும். கரடி ஒருநாளும் சாகாது, ரீவியிலை மலையாலை விழுந்தாலும் எழும்பும்" எண்டது மற்றது.

அண்ணை வந்து சப்பாத்தாலை மெல்லத் தட்டினார். "டேய், இருந்தது காணும், எழும்பு, சனம் நிக்குது." என்னைப் பாத்து, "உவன் நடிக்கிறான்" எண்டார்.

அப்பவும் தலை அசையேல்லை. கரடியின்ரை கழுத்துக்குக் கீழை கையை வைச்சுப் பாத்தன், கையுறைக்கு மேலாலை ஒண்டும் தெரியேல்லை. கிளிப்பைத் திறக்க வேணும். அதுக்கு எலிக் கையைக் கழட்ட வேணும். எலித் தலையோடை குனிஞ்சா பின்னாலை என்ன இருக்கெண்டு தெரியாது, அதையும் கழட்ட வேணும். நூறு பேர் ஃபோனைப் பிடிச்சபடி நிக்கினம். நான் நிண்டன். எவ்வளவு நேரம் எண்டு என்னைக் கேக்காதையுங்கோ. அம்மா பாத்தா என்ன சொல்லுவா எண்டு யோசிக்கிற அளவு நேரம்.

பிறகு கழட்டினன். எலியின்ரை கழுத்துக்கு மேலை வேர்த்து ஊத்தின பெட்டை ஒருத்தி முளைச்சதைக் கண்டு பிள்ளையள் குழறத் தொடங்கிச்சுதுகள். மடியிலை இருந்ததுகளைத் தள்ளிவிட்டிட்டு ரெண்டு கிளிப்பையும் திறந்து தலையை இழுத்தன். அவன் கண் பாதி திறந்து கிடக்கு. முகம் சிவந்து, காய்ஞ்சு, ஒரு துளி வேர்வை இல்லை. வாயைச் சுத்தி மஞ்சள் மஞ்சளாப் பஞ்சுத் துண்டு ஒட்டிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியிலை ரெண்டு நாள் கண் முழிக்கேல்லை. மூண்டாம் நாள் முழிச்சான். பிழைச்சிட்டான், ஆனா கிட்னி பழுதாயிட்டுது எண்டு டொக்ரர் சொன்னவர், இப்பவும் கிளினிக்குக்குப் போய் வாறான். நான் பாக்கப் போனன், தோடம்பழம் கொண்டு. அதை வாங்கிப் பக்கத்திலை வைச்சிட்டுச் சொன்னான்.

"நான் இல்லை எண்டு தலையாட்டினனான். உனக்கு விளங்கேல்லையோ?"

"நீ ஆட்டினதைக் காணேல்லை" எண்டன்.

பொய். கண்டனான். வடிவாக் கண்டனான். அவனிட்டை இன்னும் சொல்லேல்லை.

சனம் ஃபோனிலை எடுத்த வீடியோவை அம்மா பாத்திட்டா. அண்டு முழுக்க அடுப்பு மூட்டேல்லை. அதை விடுவம்.

முதலாளியிட்டைப் போய்க் கதைச்சனான். கிளிப்பை வெட்டி எறியுங்கோ எண்டன்.

"தங்கச்சி, தலை விழுந்தாப் பிள்ளையள் பயப்பிடுங்கள்."

"உள்ளுக்கை இருக்கிறவன் செத்தா?"

"வாயைக் கழுவும். ஒண்டும் நடக்கேல்லைத்தானே? சட்டத்தை மாத்தியாச்சு."

புதுப் பேப்பரைக் காட்டினார். இனித் தலையாட்டல் இல்லையாம். உதவி வேணுமெண்டா ரெண்டு கையையும் தலைக்கு மேலை தூக்க வேணுமாம்.

சந்நிதி முருகன் கோயிலுக்குக் கிட்ட இருந்துகொண்டு மனுசன் இதைச் சொல்லுது. இஞ்சை ஒருத்தர் ரெண்டு கையையும் தலைக்கு மேலை தூக்கினா சனம் என்ன நினைக்கும்? கரடி கும்பிடுது எண்டு நினைக்கும். பக்கத்திலை நிண்டு அதுகளும் கும்பிடும். இதை நான் அவருக்கு விளங்கப்படுத்தினன், ரெண்டு தரம். மனுசன் கேட்டுக்கேட்டுத் தலையை ரெண்டு பக்கமும் ஆட்டினார்.

நான் வேலையை விட்டிட்டன். எலி உடுப்பு ஆணியிலை தொங்குதாம், அதைப் போட ஆள் கிடைக்கேல்லை. கரடிக்குக் கிடைச்சிட்டுது. ஆர் எண்டு எனக்குத் தெரியாது, எங்கடை பச் இல்லை.

இப்ப பகல் பதினொண்டரை மணி. பார்க்கின்ரை ஃபேஸ்புக் பக்கத்திலை லைவ் போகுது, கரடி ரெண்டு கையையும் தூக்கி வைச்சிருக்கு.