கிளையாறு ஓடிய பள்ளம்

நகர அலுவலகத்தில் எல்லாரும் அவளை ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வரைபடப் பிரிவில் இருபத்தாறு வருஷம், அதே சாய்வு மேசை, அதே ஜன்னல். எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்தச் சாக்கடை எந்தப் பக்கம் சரியும் என்று வரைபடப் பீரோவைத் திறக்காமலே சொல்லிவிடுவாள்.

அந்த ஊர் பிறந்ததே படகுத்துறையால்தான். ஆறு வளைந்து திரும்பும் மேட்டில் முதலில் நாலைந்து கிடங்குகள், அவற்றை ஒட்டிக் கடைகள், பிறகு தெருக்கள். வளைவுக்குச் சற்று மேலே ஆற்றிலிருந்து ஒரு சின்னக் கிளை பிரிந்து, சந்தைக்குப் பின்னால் ஓடி, கீழே மறுபடி சேர்ந்தது. பாலம் கட்டியபோது கரையை உயர்த்தி, அந்தக் கிளையின் வாயை மண் கொட்டி அடைத்தார்கள். படகுகள் போய் லாரிகள் வந்தன. காய்ந்த பள்ளத்தில் மாடு மேய்ந்தது. ஆனாலும் இரண்டு பெருவெள்ளங்களில் கரை தாண்டிய தண்ணீர் யாரிடமும் வழி கேட்காமல் அங்கேதான் வந்து நின்றது. பழைய வரைபடத்தில் அதற்கு ஒரு நீலக் கோடு உண்டு.

பள்ளத்தை மனை பிரிக்க முடிவானபோது, புதிதாக வந்த அதிகாரி அவளை உள்ளே கூப்பிட்டு, அந்தக் கோடு இல்லாமல் ஒரு படம் வேண்டும் என்றார். அவள் வெள்ளம் வந்த இரண்டு வருஷங்களையும் சொல்லிப் பார்த்தாள். அதெல்லாம் பழங்கதை, இப்போதுதான் கரை பலமாக இருக்கிறதே என்று அவர் சிரித்தார். மறுத்தால் தொலைதூர ஊருக்கு மாற்றல் நிச்சயம் என்று தலைமை எழுத்தர் காதில் போட்டுவைத்தார். வீட்டில் அப்பா படுத்த படுக்கை. அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? மூன்றாம் நாள் வரைந்து கொடுத்தாள். மூலையில் கையெழுத்தும் போட்டாள். வெளியே மூச்சு விடவில்லை.

அப்பா போய் ஒரு வருஷம் கழித்து, அவள் தூக்கி வளர்த்த தம்பி மனைவியோடு வந்தான். பள்ளத்தில் மனை வாங்கி அஸ்திவாரமும் போட்டாயிற்று. அக்கா அசந்துபோகட்டும் என்று மறைத்தானாம். எந்த ஜன்னலுக்கு என்ன திரை என்று அவன் மனைவி அடுக்கிக்கொண்டே போனாள். அக்கா அவளை நிறுத்தினாள். உண்மை முழுவதையும் அன்றுதான் வாய்திறந்து சொன்னாள்.

தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "உன் கையெழுத்தப் பாத்துட்டுத்தான் யோசிக்காம வாங்கினேன், அக்கா" என்றான்.

விற்றுவிடச் சொன்னாள். யார் தலையில் கட்டச் சொல்கிறாய் என்று அவன் கேட்டான்.

குடிபோன நாலாம் வருஷம், ஐந்து நாள் அடைமழைக்குப் பிறகு ஒரு மத்தியானம் கரை உடைந்தது. முக்கால் மணி நேரத்தில் பள்ளம் ஆறாகிவிட்டது. தம்பி வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி பக்கத்து வீட்டுக் கிழவரை மாடியேற்றிவிட்டு, அவர் மனைவிக்காக மறுபடி இறங்கியிருக்கிறாள். சுற்றுச்சுவர் சரிந்தது. மறுநாள்தான் தம்பி மனைவியின் உடல் கிடைத்தது.

விசாரணை வந்தது. அதிகாரி எப்போதோ பதவி உயர்ந்து தலைநகரம் போயிருந்தார். அவர் சொன்னதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. படத்தில் இருந்தது அவள் கையெழுத்து ஒன்றுதான். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தம்பி ஒரே ஒரு தடவை வந்தான், அப்பாவின் பெட்டியிலிருந்த தன் சான்றிதழ்களை எடுத்துப்போக. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"நீ சொன்னே, இல்லேங்கல. வரையறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். எனக்கில்ல, ஊருக்கு."

அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

பள்ளத்தில் சேற்றை வாரிப்போட்டுவிட்டு ஜனங்கள் திரும்ப வந்தார்கள். கரையை இன்னும் மூன்றடி உயர்த்தினார்கள். அவள் வீடு வீடாகப் போய், இது ஆறு ஓடின இடம், போய்விடுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். சிலர் உட்காரச் சொன்னார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"சரிம்மா, போயிடறோம். எங்க போறதுன்னு அதையும் நீங்களே ஒரு படம் போட்டுக் குடுத்துடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஸ்கேல் அக்கா அந்தப் பக்கம் போவதில்லை.