மணம் தெரியாத முதலாளியும் ருசி பார்க்காத நானும்

அந்தச் சனிக்கிழமை காலை வான் வண்டியிலிருந்து கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று கெட்டுப்போன இறைச்சியின் மணம் வந்தது. திரும்பிப் பார்த்தால், என் முதலாளி ஹோவா அக்கா எஸ்கி என்கிற ஐஸ் பெட்டியைத் திறந்து, அரை அவியலாக வைத்திருந்த பன்றிக்கால் ஒன்றைக் கையில் எடுத்து சூப்புப் பானைக்கு மேலே பிடித்திருந்தார். பெட்டியில் ஐஸ் எல்லாம் கரைந்து தண்ணீராகக் கிடந்தது.

நான் ஓடிப்போய் அவர் கையிலிருந்து பறித்துவிட்டேன். மூன்று வருட வேலையில் முதலாளியின் கையில் இருந்த ஒரு பொருளை நான் பறித்தது அதுதான் முதல் தடவை.

வியட்நாம்காரர் நிறைய இருக்கும் கப்ரமட்டாவில் நாங்கள் போடும் சந்தைக் கடையில் ஒரே ஒரு சாப்பாடுதான். பூன் போ ஹுவே. வியட்நாமில் ஹுவே என்ற ஊரின் நூடுல்ஸ் சூப்பு. மாட்டெலும்பையும் எலுமிச்சம்புல்லையும் மணிக்கணக்கில் அவிக்க வேண்டும். கடைசியில் புளித்த இறால் விழுதைத் தண்ணீரில் கரைத்து, அடியில் மண்டி படிந்த பிறகு, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். கூடினால் நாறும். குறைந்தால் ஹுவே ஆட்கள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

அக்கா வியட்நாம்காரர், நான் தமிழன். எங்கள் இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"பழுதாப் போச்சு அக்கா. உங்களுக்கு மணக்கேல்லையோ?"

அவர் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"குளிருக்கு வந்த காய்ச்சலோட மூக்கு போட்டுது தம்பி. உப்பு, இனிப்பு நாக்குக்குத் தெரியும். மணம் ஒண்டும் இல்லை. டொக்டர் பொறுத்திருந்து பாக்கச் சொன்னவர். அஞ்சு மாசமாப் பொறுத்திருக்கிறன்."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"சொன்னா மகன் கடையை வித்துப்போடு எண்டுவான். அவன் சொல்றதும் சரிதான். இண்டைக்கு நீ பறிக்காட்டி எத்தினை பேருக்கு வயித்து வருத்தம் வந்திருக்கும்? இந்தக் கிழமையோட மூடுவம்."

பிறகு ஏதோ யோசித்து, கரண்டியில் சூப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நில்லு. நீ ருசி பார். நீ சரியெண்டு சொன்னா நடத்துவன்."

கரண்டியை வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. மேய்ஸ் ஹில் கோயிலில் முருகனுக்கு முன்னால் நிற்கிறவன் நான். மாட்டிறைச்சி தொட்டு வேலை செய்வேன், சாப்பிட மாட்டேன். வேலைக்கு வந்த நாளில் இதைச் சொன்னால் வேலை தரமாட்டார்கள் என்று மறைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு வேலை தேடுவதும் லேசில்லை. "நக்கிப் பாக்காமல் என்னத்தைத்தான் சமைக்கிறியளோ" என்று வீட்டில் மனைவி கேலி செய்வாள். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"அக்கா, நான் மாடு சாப்பிடுறேல்லை. ஒரு நாளும் இந்தச் சூப்பை வாயில வச்சதில்லை."

"மூண்டு வருசமாவோ?"

"ஓம்."

"அப்ப எப்பிடிக் கிண்டினனீ?"

"மணத்தை வச்சுத்தான். நீங்கள் இறால் தண்ணி ஊத்தின உடன மூக்கில அடிக்கும். கொதிக்கக் கொதிக்க அடங்கி, எலுமிச்சம்புல் மேல வரும். அப்ப அடுப்பைக் குறைப்பன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ருசி பாக்காத குசினிக்காரன், மணம் தெரியாத முதலாளி. நல்ல கடை இது."

சிரிப்பு நின்றதும் ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த அஞ்சு மாசம் என்ர சூப்பு எப்பிடி மணந்தது? பொய் சொல்லாத."

"இறால் கூடிப்போச்சு அக்கா. மண்டியும் சேந்து வந்தது."

"அதுதான் ஆக்கள் குறைஞ்சவை. ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் முதலாளி."

அவர் இறால் தண்ணீர்ச் சட்டியை என் பக்கம் தள்ளினார்.

பன்றிக்கால் முழுவதையும் கொட்டினோம். நான் இறால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மணம் பார்த்தேன். எலுமிச்சம்புல் மேலே வந்ததும் "காணும், இனி ஊத்த வேண்டாம்" என்றேன். அவர் நாக்கில் வைத்து, அரைக் கரண்டி உப்புப் போட்டார். முதல் கிண்ணத்தை ஹுவேக்காரக் கிழவர் ஒருவர் வாங்கினார். பன்றிக்கால் இல்லை என்று குறைபட்டுக்கொண்டே, கிண்ணத்தைத் தூக்கி அடிவரை குடித்தார். போகும்போது அக்காவிடம் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார்.

"என்னவாம் அக்கா?"

"இவ்வளவு நாளும் எங்க போயிருந்தனீ எண்டு கேக்கிறார்."

கடை மூடப்படவில்லை. இப்போதும் அப்படித்தான் சமைக்கிறோம். மணம் என் பொறுப்பு, உப்பும் இனிப்பும் அவர் பொறுப்பு. எஸ்கியை நான் திறந்து பார்க்காமல் எதுவும் பானைக்குள் போகாது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களால் இயலாததை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிழை என்று தெரிந்ததையும் அன்றைக்கே சொல்லுங்கள், முதலாளியாக இருந்தாலும். நான் பேசாமல் இருந்ததை மரியாதை என்று நினைத்திருந்தேன். அந்த ஐந்து மாதமும் அந்த மனுசி என் பக்கத்திலேயே, அதே பானைக்கு முன்னால், தனியாகப் பயந்துகொண்டு நின்றிருக்கிறார்.