கரகரப்பு நின்ற புதன்கிழமை

ஐப்பசி ஒன்பது, புதன்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். தூறல் விட்டிருந்தது, சிறுமலை மேல் மேகம் கலையவில்லை. நான் எங்கள் வீட்டு டெலிபோனை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு இஞ்சினியர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆறு வருடம் ஆகிறது. இப்போது அந்த டெலிபோன் பரணில் கிடக்கிறது. ஆனாலும் அந்தக் காலை அப்படியே நினைவிருக்கிறது.

சேவுகம்பட்டியில் இருக்கும் என் அக்கா, அத்தான் காலமானதிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிடுவாள். நான்கு வருடத்தில் விடுபட்டது இரண்டே நாள். இரண்டும் அவள் ஊர்த் திருவிழா. பேச்சு முட்டிவலியில் தொடங்கி மருமகளிடம் போய் முடியும். சராசரியாகப் பதினொரு நிமிடம். நான் ‘ம்’ கொட்டினால் போதும். திண்டுக்கல்லில் இருக்கும் எனக்கு வேறு யாரும் இத்தனை ஒழுங்காகப் போன் செய்ததில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள் லைனில் ஒரு கரகரப்பு சேர்ந்துகொண்டது. அக்கா முட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“ஏலே, நான் நடக்க மாட்டாமக் கெடக்கேன்னு அழுதுக்கிட்டிருக்கேன். நீ அங்க உக்காந்து முறுக்கு திங்கிறியா?”

“இல்லக்கா, இது லைனு…” என்றேன். அந்த நேரம் பார்த்துக் கரகரப்பு இன்னும் ஓங்கியது.

“இன்னொன்னும் கடிச்சிட்டியா? நல்லாத் தின்னு” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு மணி அடிக்கவில்லை. மனைவியின் செல்போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். “தின்னு முடிச்சிட்டியா?” என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். பிறகு என் குரலைக் கேட்டாலே வைத்துவிட்டாள். பதினைந்து நாள் அப்படிப் போயிற்று. தினமும் ஒன்பது மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு டெலிபோனுக்கு எதிரே உட்காருவேன். ஒன்பது பதினொன்றுக்கு எழுந்திருப்பேன்.

டெலிபோன் ஆபீசுக்கு ஒன்பது முறை புகார் கொடுத்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் கரகரப்பை நேரவாரியாகக் குறித்தேன். வெயில், மழை, காற்று என்று தனிக் கட்டங்கள். மழைதான் காரணம் என்பது என் முடிவு. இஞ்சினியர் வருகிறார் என்றதும் கம்பியை உரசிய கொய்யாக் கிளைகள் நான்கை வெட்டினேன், பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிச் சாத்தினேன், சுவரில் ஒட்டடை அடித்தேன். கடைசியாக, நல்ல காரியம் நடக்கப்போகிறதே என்று, சுவரில் டெலிபோன் கம்பி வந்து சேரும் சின்னப் பெட்டிக்குச் சந்தனம் குழைத்து மூன்று பொட்டு வைத்தேன்.

வந்தது ஓர் அம்மாள். நாற்பது வயதிருக்கும். நிலக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில், வழியில் பிடித்த மழையில் நனைந்துகொண்டே வந்திருந்தார். நான் நோட்டை நீட்டினேன். பொறுமையாக இரண்டு பக்கம் படித்துவிட்டு மூடினார். ஏணியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகச் சுவர்ப் பெட்டியிடம் போனார். மூடியில் நடுவே ஒரு கீறல் இருந்தது. திருகைக் கழற்றித் திறந்தார். உள்ளே மஞ்சளும் பச்சையுமாகக் களிம்பு பூத்து, ஏதோ பழைய கோயில் மாடம் மாதிரி இருந்தது.

“என்னங்கய்யா இது, உள்ள அம்புட்டும் சந்தனமாவுல்ல இருக்கு! வருசா வருசம் வைப்பீகளோ?”

நான் மனைவியைப் பார்த்தேன்.

“என்னைய எதுக்குப் பாக்குறீக?” என்றாள் அவள். “ஏம்மா, ஆயுத பூசைக்கு அரிவாமணை, அம்மி, பாத்திரம் பண்டம் எனக்கு. மிசினு அம்புட்டும் இவருக்கு. மொத்தம் பதினேழு மிசினு, தலைக்கு மூணு பொட்டுன்னு எண்ணி எண்ணி வைப்பாரு.”

இஞ்சினியரம்மா என் வலது கை மோதிர விரலைப் பார்த்தார். அதில் சந்தனம் இன்னும் காயவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பெட்டியை மாற்ற ஏழு நிமிடம் ஆயிற்று. லைன் சுத்தமாக இருந்தது. “யாருக்காவது பேசிப் பாருங்கய்யா” என்றார். நான் தயங்க, மனைவி முறுக்குக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே நம்பரை வாங்கித் தானே அழுத்தினார்.

“அம்மா, டெலிபோன் ஆபீசுலருந்து பேசுறேன். ஒங்க தம்பி ஒண்ணும் திங்கலம்மா. லைனுதான் கெட்டுப்போயிருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்” என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். எப்படிக் கெட்டது என்பதை அவர் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அக்காவின் மூச்சு கூடத் தெளிவாகக் கேட்டது.

“சரிப்பு. லைனு கெட்டுப்போச்சு” என்றாள். “பஸ்ஸுமா கெட்டுப்போச்சு? பதினஞ்சு நாளா அக்கா பேசலையே, ஒரு எட்டு போய்ப் பாப்போம்னு ஒனக்குத் தோணல பாரு.”

கரகரப்பு இருந்திருந்தால் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஒன்பது புகார் எழுதியவனுக்கு நேரில் போய்ப் பார்க்க ஒருமுறைகூடத் தோன்றவில்லை. “வாரேன்க்கா” என்றேன்.

இஞ்சினியரம்மா காபிக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. பத்து இருபதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். வத்தலக்குண்டில் இறங்கி வேறு பஸ் மாறினேன். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து நின்றாள். போக வர பஸ்ஸுக்கு எழுபத்தாறு ரூபாய்.