கூப்பிட்டால் பிடிக்க வேண்டும்

செவ்வாய்க்கிழமை காலை பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது பிலோமினா டீச்சரின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சேர். விடிய நெஞ்சு வலிக்குதுன்னாங்க. வாகனம் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு." அழுகைக்கு நடுவே இன்னொன்றும் சொன்னார்: "டொபி யாரையும் கிட்ட விட மாட்டேங்குது சேர்." முதல் செய்தி நெஞ்சில் இடித்தது. இரண்டாவதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஏனென்று சொல்கிறேன்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் நாங்கள் பதினோரு ஆண்டுகள் ஒன்றாகக் கற்பித்தோம். டீச்சர் வெடுக்கென்று பேசுவார், ஆனால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். டொபி அவர் வளர்த்த நாய். பழுப்பு நிறம், சின்ன உடம்பு. தினமும் அவருடன் வந்து, பாடசாலை வாசலில் படுத்திருந்து, அவருடனேயே வீடு திரும்பும். என் வழியும் அதேதான்.

வழியில் ஏழாம் நம்பர் மலையின் வளைவு இருக்கிறது. கவ்வாத்து வெட்டிக் கிளை கழிக்காமல் விட்ட தேயிலை அங்கே ஆளுயரத்துக்குக் காடாகிக் கிடக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிறுத்தை ஒன்று, எங்கள் பேச்சில் புலி, அங்கே நடமாடத் தொடங்கியது. மனிதரைச் சீண்டவில்லை, நாய்களைத்தான் தூக்கியது. மலையடியில் இருக்கும் பணிய லயத்தில் ஒரு வீட்டு வாசலில் கட்டிப் போட்டிருந்த நாயொன்றையும் கொண்டு போயிற்று. மறுநாள் நாங்கள் பார்த்தது அறுந்த சங்கிலியை மட்டும்.

அன்றே டீச்சர் முடிவெடுத்தார். அந்த வளைவில் டொபி தரையில் நடக்கக் கூடாது. கூப்பிட்டவுடன் தாவிக் கைக்குள் வர வேண்டும்.

"குனிஞ்சு தூக்கிட்டாப் போச்சு டீச்சர்" என்றேன்.

"பயந்த நாயைப் பிடிக்கப் போனா ஓடும் சேர். எங்க ஓடும்? தேயிலைக்குள்ளதான். அதுவா வரணும்."

முதலில் சாக்கு விரித்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார். டொபி மடியில் ஏறினால் ஒரு துண்டு அவித்த கோழி ஈரல். பிறகு மணைப்பலகையில் உட்கார்ந்தார், பிறகு நாற்காலியில். கடைசியில் முழங்காலை மடக்கி நின்று, தொடையை அதற்குப் படியாகக் கொடுத்தார். வழுக்கும் சீமெந்துத் தரையில் ஒருநாளும் பழக்கவில்லை. நாலைந்து தடவையோடு நிறுத்திவிடுவார். டொபி தயங்கினால் பழைய இடத்துக்கே போய் மறுபடி தொடங்குவார். கையிலிருந்து குதிக்கவும் விடமாட்டார். குனிந்து, நான்கு காலும் தரையில் பட்ட பிறகே கையை எடுப்பார். "ஏறுறப்ப விட எறங்குறப்பதான் காலு ஒடியும்" என்பார்.

இரண்டு மாதம் ஆயிற்று. "அதுக்குள்ள புலி வந்துரும்" என்று நான் கேலி செய்தேன்.

"அவசரம் புலிக்கு இருக்கட்டும் சேர். நமக்கு வேணாம்."

போன வருடம் நான் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். மற்ற ஆசிரியர்களுக்கு வித்தை காட்டலாமென்று, பாடசாலை முற்றத்தில் டீச்சரைப் போலவே தொடையைத் தட்டி "வா" என்றேன். டொபி நம்பித் தாவியது. அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட, நான் திரும்பிவிட்டேன். சீமெந்தில் விழுந்து மூன்று நாள் நொண்டியது. டீச்சர் கத்தவில்லை. "நீங்க கூப்பிட்டீங்க தானே? கூப்பிட்டா பிடிக்கணும் சேர்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து டொபி என்னிடமிருந்து இரண்டு கை தூரம் தள்ளியே நடக்கிறது.

புதன்கிழமை அடக்கம் நடந்தது. பெட்டியைக் குழிக்குள் விடும்போது, "மெதுவா, மெதுவா எறக்குங்க" என்று நான்தான் கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டொபி கூட்டத்துக்கு வெளியே நின்றது. திரும்பும்போது பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஆறேழு பேர் சுற்றி நடந்து அதை வளைவு தாண்ட வைத்தோம்.

தினமும் ஆறேழு பேர் வரமாட்டார்கள். டொபியோ இன்னமும் தினமும் டீச்சரைத் தேடிப் பாடசாலைக்கு வருகிறது. வீட்டில் பூட்டினால் நகம் பெயரக் கதவைப் பிறாண்டுகிறது. கட்டிப் போடலாமென்றால் அந்தச் சங்கிலி ஞாபகம் வருகிறது. அதனால் நான் கூடவே நடக்கிறேன், அதே இரண்டு கை தூரத்தில்.

ஈரல் வைக்கும் டின்னைத் தங்கை என்னிடம் தந்துவிட்டார். ஆறு நாட்களாகச் சாக்கு விரித்துக் காலை நீட்டி உட்காருகிறேன். முந்தாநாள் முன்னங்கால் இரண்டையும் என் மடியில் வைத்தது. ஈரலை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டது. பிடித்து இழுக்கக் கை துடித்தது, இழுக்கவில்லை. இன்று காலை வளைவில், மழைத்தண்ணீர் ஓடும் கானோர ஈர மண்ணில் புதிய தடம் கிடந்தது. என் உள்ளங்கை அகலம். நேற்று டொபி நடந்த தடத்தின் மேலேயே அது பதிந்திருந்தது.

டீச்சர், மடியிலிருந்து நாற்காலிக்கு வரவே இன்னும் எத்தனை நாளோ தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் அவசரப்பட மாட்டேன். இனி நான் கூப்பிட்டால், பிடிப்பேன். போய் வாருங்கள்.